பீரங்கிக் காசு: முதலில் எதை வாங்குவது?

இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ், அரியணை போன பிறகு பழைய பீரங்கிகளையும் உருக்கி அயர்லாந்தில் அடித்த பீரங்கிக் காசில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை, பழங்காசு சேர்ப்பவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் வரும். விலை எட்டாத உயரத்தில் இல்லை. சுமாரான நிலையில் இருப்பவை ஏலத்துக்கு அடிக்கடி வருகின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலைத் திறந்தால் ஆறு பென்ஸ், பெரிய ஷில்லிங், சின்ன ஷில்லிங், பெரிய அரைக்கிரௌன், சின்ன அரைக்கிரௌன், கிரௌன் என்று வரிசையாக வரும் (ஷில்லிங் 12 பென்ஸ், அரைக்கிரௌன் 30, கிரௌன் 60). ஒவ்வொன்றிலும் மாதவாரியாக வகைகள் வேறு. பெரும்பாலானோர் குதிரைமேல் ராஜா உட்கார்ந்திருக்கும் கிரௌனைப் பார்த்ததும் அதிலேயே விழுந்துவிடுகிறார்கள். அதை முதலில் வாங்காதீர்கள் என்பேன். ஏன் என்று சொல்ல முன்கதை கொஞ்சம் வேண்டும்.

1688 டிசம்பரில் ஜேம்ஸ் இங்கிலாந்தை விட்டுப் பிரான்சுக்கு ஓடினார். அரியணையில் அவருடைய மகள் மேரியும் மேரியின் கணவர் வில்லியமும் சேர்ந்து அமர்ந்தார்கள். வில்லியம் ஜேம்ஸின் அக்கா மகன். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மாமன் மகளை முறைப்படி கட்டியவர், மாமனுடைய நாற்காலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். 1689 மார்ச்சில் ஜேம்ஸ் பிரெஞ்சுக் கப்பல்களோடு அயர்லாந்தின் கின்சேல் துறைமுகத்தில் இறங்கி, அந்த மாதமே டப்ளின் போய்ச் சேர்ந்தார். ஆதரவுக்கு ஆள் கிடைத்தது, படை திரண்டது, சம்பளம் கொடுக்கக் காசு இல்லை. போர் என்றதும் இருந்த வெள்ளியும் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

1689 ஜூன் 18 அன்று அறிவிப்பு வந்தது: மலிவு உலோகத்தில் அடித்த காசு வெள்ளிக் காசுக்குச் சமமாகச் செல்லும். டப்ளினில் கேப்பல் தெருவில் இருந்த அச்சுக்கூடத்தில் வேலை தொடங்கியது. பழைய பீரங்கி, உடைந்த மணி, வீட்டுப் பாத்திரம் என்று கிடைத்ததெல்லாம் உலைக்குள் போயிற்று. காசுக்குக் காசு நிறம் மாறுவது அதனால்தான். ஒன்று மஞ்சளடிக்கும், இன்னொன்று செம்பு மாதிரி சிவந்திருக்கும். ஒரு பவுண்டு எடை உலோகத்தின் விலை மூன்று நாலு பென்ஸ்தான் என்று அந்தக் காலத்து எதிர்த்தரப்பினர் எழுதிவைத்தார்கள். அந்த எடையில் பெரிய அரைக்கிரௌனாக அடித்தால் முகமதிப்பு ஏறக்குறைய நாலு பவுண்டு வரும். பணக் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் (பென்னியின் பன்மைதான் பென்ஸ்). லாபம் எத்தனை மடங்கு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

சரி, காசின் முகத்துக்கு வருவோம். கிரௌனைத் தவிர மற்றவற்றில் ஒரு பக்கம் ஜேம்ஸின் தலை, இடப்பக்கம் பார்த்தபடி, வாகை மாலையோடு இருக்கும். மறுபக்கம் குறுக்கே வைத்த இரண்டு செங்கோல்கள், நடுவில் மகுடம், அதன் மேலே ரோமன் எண்ணில் மதிப்பு: அரைக்கிரௌனில் 30, ஷில்லிங்கில் 12, ஆறு பென்ஸில் 6. எல்லாம் பென்ஸ் கணக்கு. சுற்றிலும் பிரிட்டன், பிரான்சு, அயர்லாந்து மூன்றுக்கும் ராஜா என்று லத்தீனில் இருக்கும். பிரான்சுக்கும் ராஜா என்பது ஆங்கிலேய அரசர்கள் பரம்பரையாகப் போட்டுக்கொண்ட பட்டம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி கொடுத்த கப்பலில் வந்து, லூயியின் தயவில் போர் நடத்திக்கொண்டு, காசில் மட்டும் லூயியின் நாட்டுக்கும் தான்தான் ராஜா என்று அடித்திருக்கிறார். கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

மகுடத்துக்குக் கீழே இருப்பதுதான் இந்த வரிசையின் உயிர். அங்கே மாதத்தின் பெயர் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். போர் ஜெயித்ததும் இந்தக் காசையெல்லாம் வாங்கிக்கொண்டு நல்ல காசு தருவோம் என்பது அரசின் வாக்குறுதி. மாத வரிசைப்படி கட்டம் கட்டமாகத் திரும்பப் பெறுவதற்காகவே மாதம் போட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். திரும்பப் பெறும் நாள் வரவே இல்லை. 1690 ஜூலை 1 அன்று பாய்ன் ஆற்றங்கரையில் ஜேம்ஸ் தோற்றார், உடனே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார்.

காசு மட்டும் மக்கள் கையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று ஜூலை 10 அன்று வில்லியம் ஓர் அறிவிப்பு போட்டார். எந்தக் காசை வாங்குவது என்று யோசிப்பவருக்கு அதைவிட நல்ல ஒப்பீட்டுப் பட்டியல் கிடையாது. கிரௌனும் பெரிய அரைக்கிரௌனும் இனி ஒரு பென்னி. சின்ன அரைக்கிரௌன் முக்கால் பென்னி. பெரிய ஷில்லிங் அரை பென்னி. சின்ன ஷில்லிங்கும் ஆறு பென்ஸும் கால் பென்னி. மனுஷன் முகமதிப்பைச் சீண்டவே இல்லை. உள்ளே எவ்வளவு பித்தளை இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஆறு பென்ஸும் பெரிய ஷில்லிங்கும் 24இல் ஒரு பங்கு மதிப்பைத் தக்கவைத்துக்கொண்டன. பெரிய அரைக்கிரௌன் 30இல் ஒரு பங்கு, சின்ன அரைக்கிரௌன் 40இல், சின்ன ஷில்லிங் 48இல். கிரௌன் 60இல் ஒரே ஒரு பங்கு. ஐந்து ஷில்லிங் சம்பளத்தை ஆறு பென்ஸ் சில்லறையாக வாங்கி வைத்திருந்த சிப்பாய்க்கு இரண்டரை பென்ஸ் தேறியது. அதையே ஒரு கிரௌனாக வாங்கியவனுக்கு ஒரு பென்னி. பார்க்க அழகாக இருந்ததுதான் ஆளை அதிகம் மொட்டையடித்தது.

கிரௌன் ஏன் இப்படி ஆயிற்று? 1690 வசந்தத்தில் உலோகம் தட்டுப்பாடாகிவிட்டது. அரைக்கிரௌனையும் ஷில்லிங்கையும் சிறிதாக்கினார்கள். அப்புறம் பெரிய அரைக்கிரௌன்களைத் திரும்ப வரவழைத்து, அவற்றின் மேலேயே புது அச்சால் அடித்து கிரௌன் ஆக்கினார்கள். உலோகம் அதே உலோகம், எடை அதே எடை, மதிப்பு மட்டும் இரண்டு மடங்கு. பாய்ன் போருக்குச் சில வாரங்களுக்கு முன்தான் இது புழக்கத்துக்கு வந்தது. முன்பக்கம் ஜேம்ஸ் உருவிய வாளோடு குதிரைமேல். பின்பக்கம் சிலுவை வடிவில் நான்கு கேடயங்கள், கிறிஸ்துவின் வெற்றியால் நான் வெல்கிறேன் என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி. அடித்த வேகத்தில் அந்த வெற்றியும் போயிற்று.

கிரௌனில் ஆண்டு உண்டு, மாதம் கிடையாது. முதல் காசாக அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும். விலையும் ஷில்லிங், அரைக்கிரௌனைவிட நன்றாகவே கூடுதல். அதற்காக மட்டமான காசு என்று சொல்லவில்லை. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கும்போது, கீழே இருக்கும் பழைய அரைக்கிரௌனின் தடம் எட்டிப் பார்க்கிற காசாகப் பார்த்து வாங்குங்கள். லென்ஸை வைத்து மெதுவாகத் திருப்பினால் குதிரைக்கு அடியிலோ கேடயங்களுக்கு இடையிலோ பழைய எழுத்தின் மிச்சம், பழைய தலையின் விளிம்பு தெரியும். சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தடம் தெரியாத கிரௌன் பாதிக் கதையை மறைத்தது போலத்தான்.

அப்படியானால் எது? என் ஓட்டு பெரிய அரைக்கிரௌனுக்கு. குறுக்களவு 32, 33 மில்லிமீட்டர் வரும், நம் 10 ரூபாய்க் காசைவிட நன்றாகவே பெரியது. முகத்தின் விவரமும் மாதமும் கண்ணாடி இல்லாமலேயே படிக்கும்படி இருக்கும். 1689 ஜூலையில் தொடங்கி அடுத்த வசந்தம் வரை அடித்தார்கள். கிரௌனாக்க வரவழைத்த பிறகும் நிறையத் தப்பியிருக்கின்றன. தேய்ந்த காசிலும் மாதம் தப்பிப்பிழைக்க வாய்ப்பு இதில்தான் அதிகம். சின்னக் காசுகளில் முதலில் தேய்ந்து போவது பெரும்பாலும் அந்த மாதப் பெயராகத்தான் இருக்கிறது.

பட்ஜெட் இடித்தால் பெரிய ஷில்லிங். அதுவும் நல்ல காசு, வில்லியம் பட்டியலில் மரியாதையாகத் தப்பித்தது. ஆறு பென்ஸைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 1689 ஜூனில் தொடங்கிய காசு என்பதால் இந்த வரிசையின் பிறந்த மாதத்தையே கையில் வைத்திருக்கலாம். ஆனால் சிறிய காசு, கைமாறிக் கைமாறி வழுவழுத்துப் போயிருக்கும். மாதம் தெளிவாக உள்ளதைத் தேடினால் விலை ஏறும். சின்ன ஷில்லிங்கை முதல் காசாக வாங்க ஒரு காரணமும் தோன்றவில்லை. சின்ன அரைக்கிரௌனை பெரியது ஒன்று கையில் வந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்க வாங்கலாம். இரண்டிலும் அதே 30, ஒன்று மட்டும் சுருங்கிக் கிடக்கும். விலைவாசி எப்படி ஏறுகிறது என்று பாடம் நடத்த வேறு எதுவும் தேவையில்லை.

வெள்ளீயக் கலவையில் அடித்த பென்னியும் அரை பென்னியும் கூட உண்டு. கள்ளக்காசு அடிப்பதைத் தடுக்க நடுவில் வேறு உலோகத்தில் ஒரு குமிழ் பதித்திருப்பார்கள். அரிது, நல்ல நிலையில் இன்னும் அரிது, அந்த உலோகம் சீக்கிரம் கெட்டுப்போகும். முதல் காசு வாங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். பீரங்கிக் காசின் அச்சிலேயே வெள்ளியிலும் தங்கத்திலும் அடித்த மாதிரிகளும் இருக்கின்றன. அவை நம் பேச்சிலேயே இல்லை.

எந்த மாதம்? டீலர்கள் எது அரிது என்ற பட்டியலை நீட்டுவார்கள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மாதம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1689 ஜூலை என்றால், டெர்ரி நகரை ஜேம்ஸின் படை நூறு நாளுக்கு மேல் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் மாத முடிவில் விலகிய மாதம். ஆகஸ்டில் வில்லியமின் தளபதி ஷோம்பெர்க் வடக்கே வந்து இறங்கினார். 1690 மார்ச்சில் பிரெஞ்சுப் படை வந்தது. ஜூனில் வில்லியமே கேரிக்ஃபெர்கஸில் இறங்கினார், ஆனால் அந்த ஜூன் காசு பெரிய அரைக்கிரௌனில் கிடைக்காது, சின்னதில்தான் தேட வேண்டும். எனக்குப் பிடித்தவை 1690 ஆகஸ்டுக்குப் பின் வந்தவை. டப்ளின் கைவிட்டுப் போய்விட்டது, ராஜா பிரான்சில் இருக்கிறார், லிமெரிக் நகரில் மாட்டிக்கொண்ட அவருடைய ஆட்கள் மட்டும் விடாமல் அவர் தலையை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடைசி மாதங்களின் காசுகள் லிமெரிக் அச்சுக்கூடத்துடையவை என்பதில் குழப்பமே இல்லை. அக்டோபர் வரை போகின்றன. கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் பர்ஸ் காலி.

மாதத்தைப் படிப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. விற்பவர்களே விழுவதைப் பார்க்கலாம்.

முதலாவது எண்கள். செப்டம்பருக்குச் சில காசுகளில் 7 போட்டு அதன் பின் எழுத்து இருக்கும். அக்டோபருக்கு 8, நவம்பருக்கு 9, டிசம்பருக்கு 10. லத்தீன் பெயர்களில் உள்ள ஏழு, எட்டு, ஒன்பது, பத்துதான் இவை. 10 என்று பார்த்ததும் அக்டோபர் என்று பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். அது டிசம்பர்.

இரண்டாவது பொறி ஆண்டு. அந்தக் காலத்தில் அங்கே புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே ஜனவரி 1689, பிப்ரவரி 1689 என்று போட்ட காசுகள் நம் கணக்குப்படி 1690இன் தொடக்கத்தில் அடித்தவை. 1689 ஜனவரியில் ஜேம்ஸ் அயர்லாந்தில் கால்கூட வைக்கவில்லை, காசு எப்படி அடித்திருப்பார்? மார்ச் மாதம் இன்னும் வேடிக்கை. மார்ச் 1689 என்றும் காசு உண்டு, மார்ச் 1690 என்றும் உண்டு. இரண்டும் ஒரே மாதத்தவை, நடுவில் புத்தாண்டு வந்துவிட்டது. இந்த இரட்டையர் இரண்டையும் தேடிப் பிடிப்பது தனி ஆனந்தம். பெரிய ஷில்லிங் பக்கம் சாய்கிறவர்களுக்கு நான் சொல்வது, தேடலை மார்ச்சில் தொடங்குங்கள்.

கிரௌனோ அரைக்கிரௌனோ என்று கேட்பவர்களிடம் நான் மூன்றாவதாக ஒன்றை நீட்டுவதுண்டு. லிமெரிக் அரை பென்னி. 1691இல், வில்லியமின் படை மறுபடி நெருங்கிச் சூழ்ந்த காலத்தில், லிமெரிக்கில் இருந்தவர்கள் கையிலிருந்த பெரிய ஷில்லிங்குகளின் மேல் புது அச்சால் அடித்து அரை பென்னி ஆக்கினார்கள். சின்ன ஷில்லிங்குகள் கால் பென்னி ஆயின. ஒரு பக்கம் ஜேம்ஸ், மறுபக்கம் ஹைபர்னியா என்ற பெயரில் அயர்லாந்தை ஒரு பெண்ணாக உட்கார வைத்திருப்பார்கள், யாழும் சிலுவையுமாக. பெயரில் ஓர் எழுத்து பல காசுகளில் இடவலம் மாறிக் கிடக்கும்.

இப்போது வில்லியமின் பட்டியலை மறுபடி பாருங்கள். பெரிய ஷில்லிங் அரை பென்னி, சின்ன ஷில்லிங் கால் பென்னி. எதிரி வைத்த அதே விலையை, ஜேம்ஸுக்காகச் சாகத் துணிந்தவர்களே தங்கள் அச்சில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழி இருந்திருக்காது. கோட்டைக்குள் ஷில்லிங்கை ஷில்லிங்காக வாங்க யாரும் தயாராக இல்லை, ரொட்டிக்குச் சில்லறை வேண்டும். வில்லியமோ 1691 பிப்ரவரியிலேயே பீரங்கிக் காசு முழுக்கச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். அக்டோபர் 3 அன்று லிமெரிக் சரணடைந்தது.

இந்த அரை பென்னியைப் படிக்கப் பொறுமை வேண்டும். பழைய அச்சும் புது அச்சும் கலந்து குழம்பியிருக்கும், ஆண்டு பாதி தெரியும், தலை பாதி தெரியும். அழகு பார்த்து வாங்குகிறவருக்கு ஏமாற்றம்தான். அதனால்தான் இதையும் முதல் காசாகச் சொல்லவில்லை. பெரிய அரைக்கிரௌனையோ ஷில்லிங்கையோ கொஞ்ச நாள் புரட்டிப் பார்த்துக் கண் பழகிய பிறகு இதை எடுத்தால், கீழே இருப்பது எது, மேலே இருப்பது எது என்று பிரிக்க வரும். என் வரிசை இப்படி: பெரிய அரைக்கிரௌன், அடுத்து லிமெரிக் அரை பென்னி, அப்புறம் பணம் இருந்தால் கிரௌன்.

வாங்கும்போது வழக்கமான எச்சரிக்கைகள்தான். வார்ப்பில் செய்த நகல்கள் உண்டு. விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினாலோ பரப்பில் ஊசி முனைக் குழிகள் நிறைய இருந்தாலோ விலகிவிடுங்கள். எடை காசுக்குக் காசு கொஞ்சம் மாறுவது இந்த வரிசையில் இயல்பு, அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. மாதம் படிக்க முடியாத அரைக்கிரௌனை மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதற்குப் பதில் மாதம் தெரிகிற, விளிம்பு கொஞ்சம் அடிபட்ட காசு மேல்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று. பித்தளைதானே என்று யாராவது புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். முந்நூறு ஆண்டாகப் படிந்த கறுப்பு போனால் காசின் விலையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரம் புகாத உறையில், சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். பச்சைப் பொடி பூத்தால் மற்றக் காசுகளிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிடும். உள்ளே வந்த காசைப் பிறகு வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பி விற்கலாம் என்று கணக்குப் போட்டால் அது அவ்வளவு லேசான வேலை இல்லை. உள்ளூரில் இதற்கு வாங்குவோர் குறைவு. முதலீடாக நினைத்தால் பெரிய அரைக்கிரௌனும் வேண்டாம், எதுவும் வேண்டாம்.